பழைய ஊர்தியும் புதிய ஒலிக்கருவியும்

ஊர்தி என்பது நம்மை ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்திற்குக் கொண்டுசேர்க்கும் பொறி மட்டுமன்று. செய்தியும் இசையும் சொற்பொழிவும் கேட்பதற்குரிய சிறு கூடமாகவும் அது விளங்குகின்றது. பதினைந்து, இருபது ஆண்டுகள் ஓடிய கார் ஒன்றில் எஞ்சின் செம்மையாக இருக்கும். இருக்கைகளும் கதவுகளும் உறுதியாக இருக்கும். தொழிற்சாலையிலேயே பொருத்தப்பட்டு வந்த ஸ்டீரியோ மட்டும் பேச்சிழந்து கிடக்கும். அதனை நீக்கிப் புதியதொன்றைப் பொருத்துதல் எளிய வேலை என்றே பலரும் எண்ணுகின்றனர். கடைகளிலும் சிறிது நேரத்தில் முடித்துத் தந்துவிடுகின்றனர். ஆயினும் இவ்வேலையின் பெரும்பகுதி முன்பலகையின் பின்னே, உரிமையாளரின் கண்ணுக்கு எட்டாத இடத்தில் நடைபெறுகின்றது. அங்கு நேரும் பிழை பேட்டரியையும் காரையும் கெடுக்கவல்லது. சிலபோது உள்ளிருப்போரின் உயிருக்கே ஊறு விளைவிக்கவல்லது. ஆதலின் இம்மாற்றத்தின் வரலாறு, இயல்பு, முறை ஆகியவற்றை ஈண்டுச் சுருங்கக் காண்போம்.

காரினுள் ஒலி புகுந்த வரலாறு

காரில் வானொலி கேட்கும் வழக்கம் ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுப் பழமையுடையது. சிகாகோ நகரில் இயங்கிய கால்வின் நிறுவனம் 1930ஆம் ஆண்டு 'மோட்டரோலா' என்னும் பெயரில் கார் வானொலியை விற்பனைக்குக் கொணர்ந்தது. அப்பெயர் பெற்ற புகழால் 1947இல் நிறுவனமே தன் பெயரை மோட்டரோலா என மாற்றிக்கொண்டது. ஜெர்மனியின் பிளௌபுங்க்ட் நிறுவனம் 1932இல் தன் முதற் கார் வானொலியை வெளியிட்டது. அக்காலக் கருவிகள் வெற்றிடக் குழல்களால் இயங்கியவை. அவற்றுக்கு வேண்டிய உயர் மின்னழுத்தத்தைக் காரின் பேட்டரி நேரே தர இயலாது. ஆதலின் அழுத்தத்தை உயர்த்தித் தரும் தனி உறுப்புகளும் உடன் தேவைப்பட்டன. கருவி பெரிதாகவும் கனமாகவும் இருந்ததற்கு இதுவும் ஒரு காரணமாகும்.

1955இல் பில்கோ நிறுவனம் கிரைஸ்லர் கார்களுக்கென முழுவதும் டிரான்சிஸ்டரால் இயங்கும் வானொலியை ஆக்கித் தந்தது. அதனையடுத்து ஓடும் காரில் இசைத்தட்டு இயக்கும் கருவியையும் கிரைஸ்லர் 1956ஆம் ஆண்டு மாதிரிகளில் அளித்தது; அது நிலைக்கவில்லை. 1963இல் பிலிப்ஸ் நிறுவனம் அறிமுகம் செய்த ஒலிநாடாப் பேழையோ உலகெங்கும் கார்களில் இடம்பிடித்தது. 1982இல் விற்பனைக்கு வந்த குறுந்தகடு, இரண்டு ஆண்டுகளுக்குள் காரினுள்ளும் நுழைந்தது. கம்பியில்லாமல் கருவிகளை இணைக்கும் புளூடூத் முறையின் முதல் வரையறை 1999இல் வெளியாயிற்று. ஒவ்வொரு புதுமையும் முந்தியதை இடம்பெயர்த்தே வந்துள்ளது. எனவே, பழைய கருவியை மாற்றும் எண்ணம் இக்காலத்தில் மட்டும் தோன்றியதன்று என்பது தெளிவு.

இம்மாற்றம் எளிதாவதற்குத் துணைநின்றது ஓர் அளவையாகும். ஜெர்மானிய அளவை நிறுவனம் வகுத்து, பின்னர்ப் பன்னாட்டு அளவையாகவும் ஏற்கப்பெற்ற 'டின்' அளவின்படி, முன்பலகையில் கருவி அமரும் பொந்து ஏறத்தாழ 180 மில்லிமீட்டர் அகலமும் 50 மில்லிமீட்டர் உயரமும் உடையது. இதனை ஒற்றை டின் என்பர். உயரம் இருமடங்காயின் இரட்டை டின். இந்த ஒழுங்கினால்தான், நாற்பது ஆண்டுகளுக்கு முன் வடிக்கப்பெற்ற பொந்தில் இன்று வாங்கிய கருவியும் பொருந்தி அமர்கின்றது. பிற்காலத்தில் சில உற்பத்தியாளர்கள் ஸ்டீரியோவின் முகத்தை முன்பலகையின் வளைவோடு இணைத்தே வடித்தனர். அத்தகைய கார்களுக்கு அவ்வம் மாதிரிக்கெனச் செய்யப்பெற்ற தனிச் சட்டம் வேண்டும்.

மாற்றத்தான் வேண்டுமா?

பழுதுபட்டதெல்லாம் மாற்றத்தக்கதன்று. ஒலிநாடாக் கருவியில் பெரும்பாலும் கெடுவது உள்ளேயுள்ள ரப்பர் பட்டையே. அது தளர்ந்தால் பாட்டு இழுபடும். பட்டையை மாற்றுவது சிறிய செலவு. வானொலியும் பெருக்கியும் நன்றாக இருந்து, கைப்பேசியின் ஒலியை மட்டும் கேட்க விரும்புவோருக்கு வேறு வழிகளும் உள. நாடாப் பேழை வடிவிலான இணைப்பி ஒன்று உண்டு. அதனுள் நாடா இராது. சிறு காந்தத் தலையொன்று கருவியின் தலைக்கு எதிரே நின்று, கைப்பேசியின் மின்குறிகளைக் காந்தப் புலமாக மாற்றித் தருகின்றது. பண்பலையில் சிற்றொலிபரப்புச் செய்யும் கருவியும் உண்டு; ஆனால் நகரங்களில் நிலையங்கள் நெருங்கியுள்ளமையால் இரைச்சல் மிகும். பின்புறத்தில் துணை உள்ளீட்டுத் துளையுடைய கருவியாயின் ஒரு கம்பியே போதும்.

அரிய பழங்கார்களை வைத்திருப்போர் இவ்வழிகளையே முதலில் நாடுதல் நன்று. காரின் முன்பலகை அதன் காலத்தைக் காட்டும் முகம். புதிய கருவிக்காக அதனை அறுத்து அகலப்படுத்தினால் அந்த முகத்தை மீட்டெடுத்தல் அரிது.

வாங்குமுன் அறிய வேண்டுவன

முதலாவது, காரின் மின்னழுத்தம். இன்றைய கருவிகள் 12 வோல்ட் அமைப்புக்கு உரியவை. மிகப் பழைய கார்கள் பல 6 வோல்ட்டில் இயங்கின. அமெரிக்கச் சந்தைக்குரிய வோக்ஸ்வாகன் பீட்டில் 1967ஆம் ஆண்டு மாதிரியில்தான் 12 வோல்ட்டுக்கு மாறியது. இரண்டாவது, எர்த் இணைப்பின் முனை. இக்காலக் கார்களில் பேட்டரியின் எதிர்முனை உடலோடு இணைந்திருக்கும். 1960களின் நடுப்பகுதி வரை வந்த பிரிட்டிஷ் கார்கள் பலவற்றிலோ நேர்முனையே உடலோடு இணைந்திருந்தது. இதனை அறியாது புதிய கருவியைப் பொருத்தினால் அது நொடியில் எரிந்துபோகும்.

மூன்றாவது, வானொலியின் அலைவரிசை. இந்தியாவிலும் இலங்கையிலும் பண்பலை ஒலிபரப்பு ஏறத்தாழ 88 முதல் 108 மெகாஹெர்ட்ஸ் வரை நிகழ்கின்றது. ஜப்பானிலோ அது 76இல் தொடங்குகின்றது. அந்நாட்டுப் பழைய கார் வானொலிகள் 90 மெகாஹெர்ட்ஸோடு நின்றுவிடும். ஜப்பானில் ஓடிய கார்கள் இலங்கைக்கு மிகுதியாக இறக்குமதியாயின. அவற்றின் தொழிற்சாலை வானொலியில் உள்ளூர் நிலையங்களுள் பெரும்பாலானவை கேட்பதில்லை. திரையெழுத்துகளும் ஜப்பானிய மொழியில் நிற்கும். இதற்கு மாற்றாக அலைமாற்றி ஒன்றை ஏரியலுக்கும் கருவிக்கும் இடையே பொருத்துவர். அது, காட்டாக, 98 மெகாஹெர்ட்ஸ் அலையிலிருந்து 18ஐக் குறைத்து 80ஆகத் தரும். நிலையம் கேட்கும், எண்மட்டும் தவறாகத் தோன்றும். முறையான தீர்வு கருவியை மாற்றுவதேயாம்.

நான்காவது, வாட் என்னும் விளம்பரக் கணக்கு. பெட்டியின்மேல் '50 வாட் x 4' என்று பெரிதாக அச்சிட்டிருப்பர். இது எங்ஙனம் வந்தது என்பதை நம் மாணவர்கள் தாமே கணக்கிட்டுப் பார்க்கலாம். எஞ்சின் ஓடும்போது கிடைக்கும் அழுத்தம் ஏறத்தாழ 14.4 வோல்ட். ஒலிபெருக்கியின் தடை 4 ஓம். 14.4ஐ அதனாலேயே பெருக்கி 4ஆல் வகுத்தால் ஏறத்தாழ 52 வரும். ஆனால் இஃது அலையை அதன் வடிவம் சிதைந்து சதுரமாகும்வரை முறுக்கினால் கிடைக்கும் அளவு. தூய அலைக்கு இதில் பாதி, அதாவது 26 வாட்டே கோட்பாட்டு எல்லை. நடைமுறையில் 20 வாட்டை ஒட்டியும் அதனினும் குறைந்துமே கிடைக்கும். மேலும், கருவியின் பின்னுள்ள உருகி பெரும்பாலும் 10 அல்லது 15 ஆம்பியராக இருக்கும். 10 ஆம்பியர் உருகி வழியே தொடர்ந்து செல்லக்கூடிய மொத்த ஆற்றலே 144 வாட். அதைக்கொண்டு 200 வாட் ஒலியை இடையறாது வெளிப்படுத்துதல் எங்ஙனம் கூடும்? எனவே வாங்குவோர் பெரிய எழுத்தைப் படியாது, தொடர் ஆற்றல் எவ்வளவு என்னும் சிறிய எழுத்தைப் படித்தல் வேண்டும்.

கம்பிகளின் மொழி

புதிய கருவியோடு வரும் கம்பிகளுக்கு வண்ண ஒழுங்கு ஒன்று வழக்கில் உள்ளது. மஞ்சள், பேட்டரியிலிருந்து எப்போதும் வரும் மின்சாரம். நேரம், நிலையங்கள் ஆகியவற்றின் நினைவைக் காப்பது இதுவே. சிவப்பு, சாவியைத் திருப்பினால் மட்டும் வருவது. கறுப்பு, எர்த். நீலம், ஏரியலை உயர்த்துவதற்கோ அதன் பெருக்கியை இயக்குவதற்கோ உரியது. வெள்ளையும் சாம்பலும் முன்புற இடம் வலம். பச்சையும் ஊதாவும் பின்புற இடம் வலம். இவற்றுள் கறுப்புக் கோடு பெற்றது எதிர்முனையாகும்.

இவ்வொழுங்கு கருவியின் பக்கத்திற்கே உரியது. காரின் பக்கத்துக் கம்பிகளுக்குப் பொருந்தாது என்பதை நன்கு மனங்கொள்ளல் வேண்டும். ஒவ்வோர் உற்பத்தியாளரும் தத்தம் போக்கில் வண்ணம் அமைத்துள்ளனர். வண்ணத்தை நம்பி வண்ணத்தோடு வண்ணம் சேர்ப்பவர் கண்ணை மட்டும் நம்புகின்றார். மீட்டர் வைத்துப் பார்ப்பவரே மின்சாரத்தை அறிகின்றார். பன்னாட்டு அளவையின்படி அமைந்த எட்டுமுனைக் கப்ளர் உடைய கார்களிலும்கூட மஞ்சளும் சிவப்பும் சிலவற்றில் இடம்மாறி நிற்கும். சாவியை எடுக்கும்தோறும் நேரமும் நிலையங்களும் அழிந்துபோனால், இவ்விரண்டும் மாறியுள்ளன என்று ஊகித்தறியலாம். பாட்டு நன்றாகவும் வானொலி மட்டும் இரைச்சலாகவும் இருந்தால், பல கார்களில் நீலக்கம்பியை இணைக்காமையே காரணமாக இருக்கும்.

ஒலிபெருக்கிக் கம்பிகளில் மற்றொரு நுட்பம் உண்டு. மிகப் பழைய கார்களில் ஒலிபெருக்கிகளின் எதிர்முனைகளை ஒன்றாகக் கூட்டி உடலோடு எர்த் செய்திருப்பர். இன்றைய கருவிகளில் ஒலிபெருக்கியின் இரு முனைகளும் பெருக்கியால் இயக்கப்படுவன. அவற்றுள் எதுவும் உடலைத் தொடலாகாது. தொட்டால் பெருக்கிச் சில்லு பழுதுபடும். எனவே அத்தகைய கார்களில் ஒவ்வோர் ஒலிபெருக்கிக்கும் இரு கம்பிகள் புதிதாக இழுத்தல் இன்றியமையாதது.

வெட்டாத கையே தேர்ந்த கை

வேலையைத் தொடங்குமுன் பழைய கருவிக்குப் பாதுகாப்பு எண் இருப்பின் அதனைக் குறித்துக்கொள்ளல் வேண்டும். மின்சாரம் நின்றபின் அவ்வெண் இன்றி அக்கருவி மீண்டும் இயங்காது. பின்னர்ப் பேட்டரியின் எதிர்முனையைக் கழற்ற வேண்டும். காற்றுப்பை உள்ள காராயின், கையேட்டில் கூறிய நேரம் காத்திருந்தே முன்பலகையில் கைவைத்தல் தகும். மஞ்சள் உறையிட்ட காற்றுப்பைக் கம்பிகளை எக்காரணம் கொண்டும் மின்சாரத்திற்காகத் தொடுதல் ஆகாது.

அடுத்து வருவதே இவ்வேலையின் உயிர்நிலை. காரின் கப்ளரை வெட்டி எறிந்துவிட்டுக் கம்பிகளை முறுக்கி, மேலே டேப் சுற்றிவிடுவது விரைவான வழி. காரின் கப்ளருக்கு எதிர்க்கப்ளர் வாங்கி, அதன் கம்பிகளைப் புதிய கருவியின் கம்பிகளோடு மேசைமேல் வைத்தே இணைத்து, பின்னர்ச் செருகுவது முறையான வழி. முன்னதில் மிச்சமாவது சிறிது நேரமும் சிறு தொகையுமே. இந்தியாவில் சிறிய கார்கள் பல நெடுங்காலம் ஸ்டீரியோ இன்றியே விற்கப்பட்டன. வாங்கியோர் வெளிக்கடைகளில் பொருத்திக்கொண்டனர். ஆதலின் கைமாறி வந்த காரின் முன்பலகையைத் திறந்தால், பலர் வெட்டி, பலர் முறுக்கி, பலர் சுற்றிய கம்பிக் குவியலைக் காண்பது அரிதன்று. சென்னையில் ஜெனரல் பேட்டர்ஸ் சாலைக் கடைகளில் தேடினால் உரிய இணைப்புக் கிடைக்கக்கூடும். வெட்டப்பட்ட பழைய கப்ளருக்கு ஈடாகப் புதுப்பேட்டையின் பழம்பொருட் கடைகளில் தேடுதலும் பயன்தரும்.

முறுக்கிய இணைப்பால் என்ன தீங்கு என வினவலாம். விடை எளிய கணக்கில் உள்ளது. தளர்ந்த இணைப்பொன்றின் தடை அரை ஓம் எனக் கொள்வோம். அதன் வழியே 8 ஆம்பியர் ஓடும்போது, ஓட்டத்தின் இருமடியைத் தடையால் பெருக்க, 32 வாட் வெப்பம் அவ்வோரிடத்திலேயே பிறக்கும். மின்னணுப் பணிக்குரிய சாலிடர் சூட்டுக்கோல் 25 வாட்டினது. அத்தகைய சூட்டுக்கோல் ஒன்றைப் பிளாஸ்டிக்கும் பஞ்சும் நிறைந்த முன்பலகையின் பின்னே மூட்டிவைத்ததற்கு இது நிகராகும். உருகி காக்குமே என்பர். காவாது, ஏனெனில் 10 ஆம்பியர் உருகி 8 ஆம்பியர் ஓட்டத்தில் அறாது. உருகி மிகையோட்டத்தைத் தடுப்பது. கெட்ட இணைப்பின் வெப்பத்தை அஃது அறியாது. எனவே உருகியினும் மேலான காவல், சாலிடர் செய்தோ உரிய இடுக்கியால் அழுத்தியோ, சுருங்குறை இட்டு மூடிய நல்ல இணைப்பேயாகும். அடிக்கடி அறும் உருகிக்கு மாற்றாகப் பெரிய உருகியோ வெறுங்கம்பியோ இடுவது, காவலாளியைத் துரத்திவிட்டுக் கதவைத் திறந்துவைப்பது போலாம்.

எர்த் கம்பியை வண்ணம் பூசிய தகட்டில் திருகுவதும் கூடாது. வண்ணத்தைச் சுரண்டி, தூய இரும்பின்மேல் இறுக்குதல் வேண்டும். எஞ்சினின் வேகத்திற்கேற்ப ஏறி இறங்கும் கீச்சொலி பாட்டோடு கேட்குமாயின், முதலில் நோக்கத்தக்கது எர்த் இணைப்பேயாகும்.

செவியும் பேட்டரியும் தரும் சான்று

மூடுமுன் இரண்டு சோதனைகள் செய்தல் வேண்டும். முதலாவது ஒலிபெருக்கியின் முனை. கம்பிகளைக் கருவியிலிருந்து விலக்கிவைத்து, 1.5 வோல்ட் பென்சில் செல்லை நொடிப்பொழுது தொட்டால், கூம்பு வெளிநோக்கி அசையும்போது செல்லின் நேர்முனை தொட்ட இடமே ஒலிபெருக்கியின் நேர்முனை. ஒன்றில் மட்டும் முனை மாறினால் ஒரு கூம்பு காற்றைத் தள்ளுகையில் மற்றொன்று இழுக்கும். தாழ்ந்த ஒலிகள் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். புதிய கருவியில் முழக்கமே இல்லை என்னும் குறைக்கு இம்மாற்றமும் ஒரு காரணம்.

இரண்டாவது, உறக்க நிலை ஓட்டம். காரை நிறுத்திக் கதவுகளைச் சாத்திச் சிறிது நேரம் கழித்து, பேட்டரியின் எதிர்முனைக்கும் அதன் கம்பிக்கும் இடையே மீட்டரை வைத்து அளக்கலாம். 50 மில்லி ஆம்பியருக்குள் இருத்தல் நன்று. 45 ஆம்பியர்-மணி பேட்டரி அந்த அளவில் கணக்கின்படி 900 மணி நேரம், அதாவது ஒரு மாதத்திற்கும் மேல் தாங்கும். சிவப்புக் கம்பியையும் மஞ்சளோடு சேர்த்துவிட்டமையால் கருவி உறங்காது அரை ஆம்பியர் உண்ணுமாயின், 45 மணி நேரத்தில் பேட்டரி பாதியாகும். வெள்ளி மாலை நிறுத்திய கார் திங்கள் காலை எழாது. நள்ளிரவில் மருத்துவமனைக்குப் புறப்பட வேண்டிய வேளையில் அது நேருமாயின், இழப்பு பேட்டரியின் விலையோடு நிற்காது.

திரையும் கைத்தடையும்

இன்று இரட்டை டின் கருவிகளில் தொடுதிரை வந்துள்ளது. ஓட்டுநர் படம் பார்த்தலாகாது என்பதற்காகவே, கைத்தடை இட்டால் மட்டும் படம் ஓடுமாறு ஒரு கம்பியைப் பல உற்பத்தியாளர்கள் அமைத்துள்ளனர். பொருத்துவோர் சிலர் அக்கம்பியை நேரே எர்த் செய்துவிடுகின்றனர். வாங்குவோரும் அதனையே விரும்பிக் கேட்கின்றனர். மணிக்கு 72 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் கார் ஒரு நொடிக்கு 20 மீட்டர் கடக்கும். இரண்டு நொடி திரையை நோக்கினால் 40 மீட்டர் கண்மூடிச் சென்றதற்கு ஒப்பாகும். அத்தொலைவில் ஒரு பள்ளிப் பிள்ளை சாலையைக் கடக்கக்கூடும். கேட்பவர் கேட்பினும் செய்பவர் மறுத்தல் கடமை. இவ்வகையில் குமிழும் பொத்தானும் உடைய பழைய ஒற்றை டின் கருவியே மேலானது. கண்ணைச் சாலையில் வைத்துக்கொண்டு விரலால் தடவியே அதனை இயக்கலாம்.

நிறைவாக

பழைய கருவியைக் குப்பையில் எறியாது துணியில் பொதிந்து வைத்தல் நன்று. கப்ளர் வெட்டப்படாதிருப்பின், பின்னொருநாள் காரை வாங்குபவர் விரும்பினால் கால்மணி நேரத்தில் அதனை மீண்டும் செருகிவிடலாம். மீளச் செய்ய இயலும் மாற்றமே நல்ல மாற்றம் என்பது இத்தொழிலின் அடிப்படை அறம்.

முன்பலகையை மூடியபின் உள்ளே என்ன இருக்கின்றது என்பதை உரிமையாளர் அறியார். செய்தவர் ஒருவரே அறிவார். அந்த நம்பிக்கைக்கு உரியவராக உழைக்கும் தொழிலாளர்கள் நம் ஊர்களில் பலர் உளர். அவர்கள் கேட்கும் கூலியில் பேரம் பேசி, விரைந்து முடிக்குமாறு நெருக்குவோரும் நாமே. ஓம் விதியை ஏட்டில் பயிலும் நம் மாணவர்கள் அது முன்பலகையின் பின்னே எவ்வாறு இயங்குகின்றது என்பதையும் அறிந்துகொண்டால், நல்ல வேலை எது என்று தெரிந்து கேட்கவும், அதற்குரிய கூலியை மனமுவந்து தரவும் வல்லவராவர். இன்னிசை கேட்கப் பொருத்திய கருவி எவருக்கும் இன்னல் தாராதிருக்க அவ்வறிவு துணைசெய்யும்.